கிரேடு ஏறுது, விரல் தாங்குமா?

நவம்பர் தொடக்கத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்த நாளிலிருந்து பிக்கரிங்கில் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டு. அதற்குப் பிறகு ஏப்ரல் வரைக்கும் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போய் ஓடவிடுவது என்பதுதான் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பெரிய கவலை. நீச்சல், பாட்மின்டன், பரதநாட்டியம், ஹாக்கி என்று நீளும் பட்டியலில் கடந்த சில வருடங்களாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அது சுவர் ஏறுதல், அதாவது கிளைம்பிங்.

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் இது முதன்முதலாகப் பதக்க விளையாட்டானது. கனடாவிலிருந்து ஷான் மெக்காலும் அலானா யிப்பும் போய் ஏறினார்கள். அதைப் பார்த்த பிள்ளைகள் வீட்டில் அடம்பிடிக்க, அப்பா அம்மாவும் சேர்ந்து கிளைம்பிங் ஜிம்முக்குள் நுழைந்தார்கள். பிள்ளையை இறக்கிவிட வந்து, வேடிக்கை பார்த்து, கடைசியில் தானும் ஷூ வாடகைக்கு எடுத்த அப்பாக்கள் நிறைய பேர். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற ஐடி ஆட்களுக்கு இது ரொம்பவே பொருந்திப்போகும் விளையாட்டு. உடம்புக்கும் வேலை, மூளைக்கும் வேலை.

ஆனால் நம்ம ஆட்கள் ஜிம்முக்குள் வரும்போது கூடவே ஒரு பழக்கத்தையும் கொண்டுவருகிறோம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மார்க் போய் கிரேடு வந்தது

புதியவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஜிம்மில் இரண்டு வகை ஏற்றம் உண்டு. ஒன்று, இடுப்பில் ஹார்னஸ் மாட்டி, கயிற்றில் கட்டிக்கொண்டு உயரமான சுவரில் ஏறுவது. கீழே நிற்கும் துணை கயிற்றைப் பிடித்துக்கொள்வார். இதற்கு பிலே என்று பெயர். மற்றொன்று போல்டரிங். நாலு, நாலரை மீட்டர் உயரச் சுவர், கயிறு கிடையாது, கீழே தடிமனான மெத்தை. ஒரே நிறப் பிடிகளை மட்டும் பிடித்து மேலே போக வேண்டும். அந்த ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கிரேடு உண்டு.

போல்டரிங்கில் நாம் பார்க்கும் வி0, வி1, வி2 என்ற வரிசைக்குக் காரணம் ஜான் ஷெர்மன் என்ற அமெரிக்கர். டெக்சாஸில் உள்ள ஹுவேகோ டாங்க்ஸ் பாறைகளுக்காக அவர் உருவாக்கியது. அவருடைய பட்டப்பெயரான 'வெர்மின்' என்பதன் முதல் எழுத்துதான் அந்த 'வி'. இன்றைக்கு அது வி17 வரைக்கும் போய்விட்டது.

மார்க், ரேங்க், கட்-ஆஃப் என்று வளர்ந்த நமக்கு இப்படி ஒரு எண் கண்ணில் பட்டால் போதும். "என் பையன் வி4 போட்டுட்டான், உங்க பொண்ணு எத்தனை?" என்று பார்க்கிங்கிலேயே விசாரணை தொடங்கிவிடும். வாரம் ஒரு நாள் வந்தவன் மூன்று நாள் வருகிறான், பிறகு நாலு நாள். டியூஷனுக்கு வேலை செய்த சூத்திரம் இங்கேயும் வேலை செய்யும் என்று நம்புகிறோம். அதிகமாகப் படித்தால் அதிக மார்க், அதிகமாக ஏறினால் அதிக கிரேடு.

முதல் ஆறு மாதம் அப்படித்தான் தெரியும். அதுதான் ஆபத்து. தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், சில வாரங்களிலேயே பலம் கூடிவிடும். தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாணும், விரலுக்குள் இருக்கும் நார்ப்பட்டைகளும் அப்படி இல்லை. அவை இறுகிப் பலப்பட மாதக்கணக்கு, சில நேரம் வருடக்கணக்கு ஆகும். கையில் பலம் வந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கும் நாளில் விரல் இன்னும் தயாராகியிருக்காது. கிளைம்பிங் பயிற்சி என்பதே இந்த இடைவெளியைப் பொறுமையாகக் கடப்பதுதான் என்பேன். கீழே சொல்லும் எல்லாக் குறிப்புகளும் அதற்காகத்தான்.

கால்தான் ஏறுது, கை பிடிச்சுக்குது

புதிதாக வருபவர் சுவரைப் பார்த்ததும் கையால் தன்னை மேலே இழுக்கப் பார்ப்பார். பத்து நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் அலட்டிக்கொள்ளாமல் ஏறிக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கையில் பலம் அதிகம் என்பதால் அல்ல, அவள் காலால் ஏறுகிறாள். தினமும் நம் முழு எடையையும் மாடிப்படியில் தூக்கிப் பழகிய தசை தொடையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு கையை வதைப்பானேன்?

செய்ய வேண்டியவை சில.

பிடியில் பாதத்தின் நடுவை வைக்காதீர்கள். கட்டைவிரல் நுனியை வையுங்கள். நுனியில் நின்றால்தான் பாதத்தைத் திருப்பவும், குதிகாலைத் தூக்கி எட்டவும் முடியும்.

கையை மடக்காமல் நீட்டித் தொங்குங்கள். மடக்கிய கை நின்ற இடத்திலேயே சக்தியைச் செலவழிக்கும். நீட்டிய கையில் எடையை எலும்பு தாங்கிக்கொள்ளும். மேலே போக வேண்டுமா? முதலில் காலை உயர்த்துங்கள், பிறகு எழுந்து நில்லுங்கள். அடுத்த பிடி தானாக எட்டும்.

இடுப்பைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். இது சுத்தமான பிளஸ் டூ பிசிக்ஸ். புவியீர்ப்பு மையம் சுவரிலிருந்து தள்ளிப்போகப் போக, விரலில் விழும் இழுவை கூடும். சுவர் நம் பக்கம் சாய்ந்திருந்தால், நேராகப் பார்த்து நிற்காமல் ஒரு பக்க இடுப்பைச் சுவருக்குத் திருப்புங்கள். வலது கை எட்டும்போது வலது இடுப்பு சுவரைத் தொட வேண்டும். ஒரு சாண் கூடுதலாக எட்டும்.

இன்னொரு காலுக்குப் பிடி கிடைக்கவில்லையா? வெறுமனே பக்கவாட்டில் நீட்டி வைத்தாலே போதும், உடம்பு கதவு மாதிரி சுழன்று விலகாமல் நிற்கும். ஜிம்மில் இதை ஃபிளாகிங் என்பார்கள்.

இதையெல்லாம் பழக ஒரு எளிய பயிற்சி இருக்கிறது. உங்களுக்குச் சுலபமான பாதை ஒன்றில் காலடிச் சத்தமே கேட்காமல் ஏறுங்கள். கால் பிடியைத் தொடும் வரைக்கும் கண் அதை விட்டு விலகக் கூடாது. வைத்த காலை மறுபடி நகர்த்தக் கூடாது. சத்தம் கேட்டால் இறங்கி மறுபடி தொடங்குங்கள். பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், நாலு வாரம் செய்து பாருங்கள்.

இங்கே நம்மூர்க்காரர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். தேனி மாவட்டத்தில் பிறந்து, கர்நாடகாவின் சித்ரதுர்காவில் கட்டட வேலை பார்த்து வாழ்ந்தவர் ஜோதிராஜ். அங்குள்ள கோட்டைச் சுவர்களில் குரங்குகள் ஏறுவதைப் பார்த்துப் பார்த்தே ஏறக் கற்றவர். கன்னடத்தில் கோதி என்றால் குரங்கு; அவருக்கு 'கோதி ராஜ்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. கயிறு இல்லாமல் அவர் ஏறும் வீடியோக்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கவனித்துப் பார்க்கும் குணத்தை. கயிறு இல்லாமல் ஏறுவதை அல்ல. ஜிம்மில் உங்களைவிட நன்றாக ஏறுபவர் சுவரில் இருக்கும்போது போனை உள்ளே வைத்துவிட்டு, அவருடைய காலைப் பாருங்கள். கையைப் பார்க்க வேண்டாம்.

"நம்ம ஆளுங்க குட்டை, எட்டாது" என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் லின் ஹில் ஐந்தடி இரண்டு அங்குலம்தான். எல் கேப்பிடன் என்ற ஏறக்குறைய 900 மீட்டர் பாறையின் 'நோஸ்' பாதையை, கயிற்றை விழுந்தால் காப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, சொந்தக் கை காலாலேயே முழுவதும் ஏறிய முதல் மனிதர் அவர். ஆண் பெண் இருபாலரிலும் முதல். வருடம் 1993.

விரலுக்குள் என்ன இருக்கிறது

சைக்கிள் பிரேக் ஒயர் சட்டத்தோடு ஒட்டி ஓட அங்கங்கே வளையம் இருக்கும் அல்லவா? விரலை மடக்கும் தசைநாணும் அப்படித்தான் சின்னச் சின்ன நார் வளையங்களுக்குள் ஓடுகிறது. மருத்துவர்கள் இவற்றைப் புல்லி என்கிறார்கள். விரலின் அடிக்கணுவில் இருக்கும் ஏ2 புல்லிதான் கிளைம்பிங்கில் அதிகமாக அடிபடுவது. அதுவும் பெரும்பாலும் மோதிர விரலில்.

காரணம் பிடிக்கும் முறை. சின்ன விளிம்பு ஒன்றைப் பிடிக்கும்போது விரலின் நடுமூட்டைச் செங்கோணமாக மடக்கி, நுனியைப் பின்னுக்கு வளைத்து, கட்டைவிரலை மேலே போட்டு அழுத்துவோம். இதற்கு கிரிம்ப் என்று பெயர். பிடி நன்றாக இருக்கும், ஆனால் ஏ2 மேல் விழும் சுமை பல மடங்காகிவிடும். விரலைத் தளர்வாக நீட்டிப் பிடித்தால் அந்தச் சுமை வெகுவாகக் குறையும். அதனால் முதல் வருடம் முடிந்தவரை விரித்த விரலால் பிடித்துப் பழகுங்கள். கிரேடு ஒன்றிரண்டு குறைந்தால் குறையட்டும்.

கால் வழுக்கும்போது மொத்த எடையும் திடீரென்று விரலுக்கு வரும். பல புல்லிகள் அறுவது அந்த நொடியில்தான். ஆக, காலைச் சரியாக வைப்பது விரலைக் காக்கும் வைத்தியமும்கூட. 'பட்' என்று சத்தம் கேட்டு அடிக்கணுவில் வலி எடுத்தால் அன்றைக்கு அத்தோடு இறங்கிவிட வேண்டும். டேப் சுற்றிக்கொண்டு இன்னொரு முறை என்று போகக் கூடாது. விளையாட்டுக் காயங்கள் பார்க்கும் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள்.

சுவரில் தொங்கவிட்டிருக்கும் ஹேங்போர்டு பலகையில் விரலால் தொங்குவதை யூடியூபில் பார்த்துவிட்டு முதல் மாதமே ஆரம்பிக்கிறார்கள். ஒரு வருடமாவது ஒழுங்காக ஏறிய பிறகு அந்தப் பக்கம் போனால் போதும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வாரத் திட்டம்

முப்பதைத் தாண்டி, மேசை வேலை பார்த்துக்கொண்டு புதிதாகத் தொடங்குபவருக்கு வாரம் இரண்டு நாள் போதும். நடுவில் குறைந்தது 48 மணி நேர இடைவெளி வேண்டும். திங்கள், வியாழன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். முதல் கால் மணி நேரம் உடம்பைச் சூடாக்க: வேக நடை, தோள் சுழற்றல், பிறகு மிகச் சுலபமான பாதைகள். ஜனவரியில் மைனஸ் பதினைந்தில் காரை விட்டு இறங்கி வந்த விரலோடு நேராகக் கஷ்டமான சுவருக்குப் போவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. அடுத்த அரை மணி நேரம் மேலே சொன்ன கால் பயிற்சி. அதற்கடுத்த அரை மணி நேரம்தான் உங்கள் எல்லைக்கு அருகில் இருக்கும் பாதைகள். இதில் ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் மூன்று நிமிடமாவது உட்காருங்கள். மூச்சு வாங்க வாங்க மறுபடி மறுபடி ஏறினால் கற்றுக்கொள்வது களைப்பை மட்டும்தான். கடைசிக் கால் மணி நேரம் சுலபமான பாதையில் ஏறி, ஏறிய வழியிலேயே இறங்குங்கள். இறங்கக் கற்றவருக்குப் பயம் பாதி போய்விடும்.

ஏறுவதற்கு முன்னால் கீழே நின்று பாதையைப் படியுங்கள். எந்தப் பிடிக்கு எந்தக் கை, எங்கே கால் மாற்றுவது என்று காற்றில் கையசைத்துப் பாருங்கள். புரோகிராம் எழுதும் முன் காகிதத்தில் லாஜிக் போட்டுப் பார்ப்பது மாதிரிதான்.

வீட்டில் வாரம் இரண்டு முறை தண்டால் எடுங்கள். ஏறுவது முழுக்க இழுக்கும் வேலை, தள்ளும் தசைகளும் வளராவிட்டால் தோள் முன்னுக்குக் கூனிவிடும். கீபோர்டில் ஏற்கனவே களைத்த முன்கைக்கு, விரல்களைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டு போட்டு விரித்து மூடும் பயிற்சி நல்லது. முழங்கையின் உட்புறம் தொடர்ந்து வலித்தால் அதைக் 'கொஞ்சம் பிடிப்பு' என்று ஒதுக்காதீர்கள்.

ஷூ விஷயத்திலும் ஒரு வார்த்தை. முன்பக்கம் கொக்கி மாதிரி வளைந்த விலை உயர்ந்த ஷூ முதலில் வேண்டாம். விரல் நேராக, இறுக்கமாக, ஆனால் வலிக்காமல் இருக்கும் தட்டையான ஷூ போதும்.

பிள்ளைகளுக்கு இது பொருந்தாது

பெரியவர்களுக்குச் சொன்னதை அப்படியே பிள்ளைகளுக்குப் போட முடியாது. வளரும் வயதில் விரல் எலும்பின் ஓரத்தில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். பெரியவருக்குப் புல்லி அறும் இடத்தில், பதின்வயதுப் பிள்ளைக்கு இந்தத் தட்டில் விரிசல் விழும். திடீரென்று உயரம் போடும் அந்த ஒன்றிரண்டு வருடங்களில் ஆபத்து அதிகம்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பையனுக்குப் பதினாலு வயது. வாரம் நாலு நாள் பயிற்சி, வீட்டுக் கதவு நிலையில் ஹேங்போர்டு. நடுவிரலின் நடுமூட்டு வீங்கியிருந்தது. போட்டி நெருங்குகிறது என்று அவனும் சொல்லவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. கடைசியில் எக்ஸ்ரே எடுத்தபோது மாதக்கணக்கில் சுவர் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் அழுதது போட்டிக்காக இல்லை, "நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றுதான்.

அவன் ஏன் சொல்லவில்லை என்பதுதான் நாம் யோசிக்க வேண்டியது. கிரேடு ஏறும்போது மட்டும் சந்தோஷப்படும் வீட்டில், வலியைச் சொல்லப் பிள்ளைக்குத் துணிச்சல் வராது.

அதனால் பெற்றோருக்குச் சில வேண்டுகோள்கள். விரலின் நடுமூட்டில், குறிப்பாகப் பின்பக்கம், வலி என்று பிள்ளை சொன்னால் அன்றே ஏறுவதை நிறுத்துங்கள். மருத்துவரிடம் போகும்போது பிள்ளை கிளைம்பிங் செய்கிறது என்பதைச் சொல்லுங்கள், சொன்னால்தான் எதைத் தேடுவது என்று அவருக்குத் தெரியும். வளர்ச்சி முடியும் வரை எடை கட்டித் தொங்குவதும், காலே வைக்காமல் கையால் தாவும் கேம்பஸ் போர்டும் வேண்டாம். வருடம் முழுக்க இதையே செய்யாமல் கோடையில் வேறு விளையாட்டுக்கு விடுங்கள். எடை குறைந்தால் கிரேடு ஏறும் என்று சாப்பாட்டைக் குறைக்க எந்தப் பிள்ளையையும் அனுமதிக்காதீர்கள். பருப்பும் முட்டையும் தயிரும் வயிறாரச் சாப்பிட்டால்தான் எலும்பு வளரும்.

விழுவதும் முடிச்சும்

போல்டரிங்கில் ஒவ்வொரு ஏற்றமும் மெத்தையில்தான் முடிகிறது. விழும்போது பின்னால் கையை ஊன்றுவது எல்லோருக்கும் வரும் இயல்பு, மணிக்கட்டும் முழங்கையும் உடைவது அதில்தான். இரண்டு காலிலும் முழங்காலை மடக்கி இறங்கி, கையை மார்போடு கட்டிக்கொண்டு முதுகில் உருளுங்கள். முதல் நாள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை இதை மட்டும் செய்யுங்கள். குட்டிப் பிள்ளைகளை மெத்தையில் ஓடவிடாதீர்கள், மேலிருந்து விழுபவருக்குக் கீழே பார்க்க நேரம் இருக்காது.

கயிற்றில் ஏறும்போது ஒவ்வொரு முறையும் தரையை விட்டுக் கிளம்பும் முன் இருவரும் ஒருவரையொருவர் சோதியுங்கள்: எட்டு வடிவ முடிச்சு முழுமையாகப் போட்டிருக்கிறதா, ஹார்னஸ் வார் இறுகியிருக்கிறதா, காரபைனர் பூட்டியிருக்கிறதா. பிலே பிடிப்பவரின் பிரேக் கை கயிற்றை விட்டு ஒரு நொடியும் விலகக் கூடாது. தானியங்கி பிலே இயந்திரத்தில் ஏறுபவர்கள் கொக்கியை மாட்ட மறந்து ஏறிவிடுவதும் நடக்கிறது. "தினமும் பண்றதுதானே" என்ற எண்ணம்தான் காரணம்.

அந்த எண்ணம் யாரையும் விடாது. மேலே சொன்ன அதே லின் ஹில், 1989-ல் பிரான்சில் ஏறக் கிளம்பும்போது பேச்சில் கவனம் சிதறி முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டார். உச்சிக்குப் போய் கயிற்றில் சாய்ந்தபோது அது கழன்றது. இருபது மீட்டருக்கு மேல் விழுந்து, ஒரு மரம் தடுத்ததால் பிழைத்தார். உலகத்தின் மிகச் சிறந்தவர்களில் ஒருவருக்கே அது நடந்தது என்றால், நாம் முடிச்சைப் பார்க்கும் அந்தப் பத்து நொடியில் "ஒரு நிமிஷம் பேசாதீங்க" என்று சொல்வதில் வெட்கமே வேண்டாம்.

வெளியே போகும்போது

மே மாதம் வந்ததும் வெளிப்பாறைக்குப் போக ஆசை வரும். பிக்கரிங்கிலிருந்து 401-ல் மேற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மில்டன் அருகே ராட்டில்ஸ்நேக் பாயின்ட். முன்பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும். தெற்கே நயாகரா கிளென்னில் உருண்டைப் பாறைகளில் போல்டரிங் செய்யலாம், அதற்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஜிம்மில் ஏறத் தெரிந்தால் வெளியே ஏறத் தெரியும் என்று அர்த்தமில்லை. கயிற்றை எதில் கட்டுவது என்பது தனிப் படிப்பு. முதல் சில முறை பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போங்கள், ஹெல்மெட் இல்லாமல் பாறைக்கு அடியில்கூட நிற்காதீர்கள்.

இந்தப் பாறைகள் யுனெஸ்கோ 1990-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த நயாகரா செங்குத்துச் சரிவின் பகுதி. விளிம்பில் முறுக்கிக்கொண்டு, ஆள் உயரம்கூட இல்லாமல் நிற்கும் சீடர் மரங்களைப் பார்த்தால் புதர் என்று நினைப்போம். அவற்றில் சில ஆயிரம் வருடத்துக்கு மேல் பழமையானவை என்று குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளையங்களை எண்ணிக் கண்டுபிடித்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் எழுந்தது 1010-ல். அந்தக் காலத்திலேயே முளைத்திருந்த மரங்கள் இங்கே பாறை இடுக்கில், துளி மண்ணில், வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பருத்துக்கொண்டு நிற்கின்றன. கிளையைப் பிடித்து ஏறாதீர்கள், வேரில் மிதிக்காதீர்கள்.

போல்டரிங்கை ஒரு விளையாட்டாகவே வளர்த்தெடுத்தவர் ஜான் கில். தொழில் கணிதப் பேராசிரியர். ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களின் சாக் பவுடரை 1950-களில் பாறைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். அவரும் ஒரு கிரேடு முறை வைத்திருந்தார், அதில் இருந்தது மூன்றே படி. உச்சப்படி என்பது ஒரே ஒருவர் மட்டும் ஏறியது. இரண்டாமவர் ஏறிவிட்டால் அது தானாகக் கீழே இறங்கிவிடும். கணக்கு வாத்தியாரே கிரேடை அவ்வளவு லேசாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த முறை ஜிம்மிலிருந்து பிள்ளையைக் கூட்டி வரும்போது காரில் "இன்னைக்கு எத்தனை போட்ட?" என்று கேட்காதீர்கள். "விரல் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். பிறகு உங்கள் விரலையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.